‘ஆங்கிள் எடுத்து அடி’ என்றால் எந்த ஆங்கிள்?

சண்டைக் கலைப் பயிற்சிக் கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் சொல் ‘ஆங்கிள்’. பேகை, அதாவது தொங்கவிட்ட குத்துமூட்டையைக் குத்துகிறவரிடம் ‘ஆங்கிள் தப்பு’ என்கிறார் பயிற்சியாளர். ஸ்பாரிங், அதாவது சக மாணவரோடு பயிற்சிச் சண்டை செய்கிறவரைப் பார்த்து ‘ஆங்கிள் எடு’ என்று கத்துகிறார். கம்பு சுழற்றுகிறவருக்கு ‘ஒன்றாம் ஆங்கிள், இரண்டாம் ஆங்கிள்’ என்று எண்ணிச் சொல்கிறார். சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. முதல் ஆளிடம் சொன்னது கை போய்ப் படுகிற விதம். இரண்டாவது ஆளிடம் சொன்னது கால் போய் நிற்க வேண்டிய இடம். மூன்றாவது ஆளிடம் சொன்னது கம்பு காற்றில் வருகிற பாதை.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் புதிதாகச் சேர்ந்தவர் குழம்புகிறார். ‘45 டிகிரியில் அடித்தால் பலம் ஜாஸ்தி’ என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சாய்த்தே அடிப்பார். எதிலிருந்து 45 டிகிரி என்று கேட்டால் பதில் வராது. காலை எடுத்து வைப்பதற்கு 45 பொருந்தலாம். முஷ்டி போய்ப் படும் கணத்தில் அதே 45, அடியில் கால்பங்குக்கு மேல் தின்றுவிடும்.

ஆகவே மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்வோம். அடி தொடும் கணத்தில் அதற்கும் இலக்கின் பரப்புக்கும் உள்ள சாய்வு, படும் கோணம். புறப்பட்ட இடத்திலிருந்து இலக்கு வரை அடி வரும் பாதை, அதாவது நேராக வருகிறதா, பக்கவாட்டில் சுற்றி வருகிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்பது, பாயும் கோணம். எதிராளி பார்த்திருக்கும் திசையிலிருந்து எவ்வளவு விலகி நீங்கள் நிற்கிறீர்கள் என்பது, நிற்கும் கோணம். சண்டையில் இவை நடக்கும் வரிசை தலைகீழ்: முதலில் நிற்பது, பிறகு பாய்வது, கடைசியில் படுவது. விளங்கிக்கொள்ளக் கடைசியிலிருந்து தொடங்குவதே சுலபம்.

ஆணியும் தவளைக் கல்லும்

சுத்தியலின் முகம் ஆணித் தலையில் தட்டையாக விழுந்தால் ஆணி இறங்குகிறது. கொஞ்சம் சரிந்து விழுந்தால் ஆணி வளைகிறது, இல்லையென்றால் சுத்தியல் வழுக்கிக் கட்டை விரலைப் பதம் பார்க்கிறது. இரண்டு முறையும் கையின் பலம் ஒன்றுதான்.

குளத்தில் தவளை விடுவது இதற்கு நேர் எதிர். சப்பைக் கல்லைத் தண்ணீரோடு ஒட்டினாற்போல் வீசினால் தத்தித் தத்திப் போகும். அதே கல்லை மேலிருந்து போட்டால் ‘தொபுக்’கென்று உள்ளே போய்விடும். சுத்தியல் பிடிக்கிறவருக்கு உள்ளே இறங்க வேண்டும், தவளை விடுகிறவருக்கு இறங்கவே கூடாது. பாதி பேர் குத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு தவளை விடுகிறார்கள்.

நடப்பது இதுதான். ஒரு பரப்பின் மேல் வந்து மோதும் விசை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி உள்ளே இறங்குகிறது, மறு பகுதி பரப்பின் மேலேயே வழுக்கிப் போகிறது. பரப்பில் ஒரு குச்சியை எந்தப் பக்கமும் சாயாமல் நட்டுவைத்தால் அது காட்டும் திசைக்குச் செங்குத்துக் கோடு என்று பெயர். அடி அந்தக் கோட்டிலேயே வந்தால் முழுவதும் உள்ளே போகும். கோட்டிலிருந்து 15 டிகிரி சாய்ந்தால் நூற்றுக்கு 97 உள்ளே போகிறது. 30 டிகிரியில் 87, 45 டிகிரியில் 71, 60 டிகிரியில் பாதி, அதாவது 50.

இந்த எண்களில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பத்துப் பதினைந்து டிகிரி தவறினால் நஷ்டம் ஏறக்குறைய இல்லை. துல்லியமாக அடித்தாக வேண்டும் என்று யாரும் தவம் கிடக்க வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் சரிவு வேகமெடுக்கிறது.

கெட்ட செய்தியும் உண்டு. நிஜத்தில் நிலைமை கணக்கைவிட மோசம். வழுக்கிப் போகும் அந்த மறு பகுதி சும்மா போவதில்லை. கையுறையை இழுத்துக்கொண்டு போகும், மணிக்கட்டை மடக்கும். மடங்கிய மணிக்கட்டு வழியாக உடம்பின் எடை கடக்காது. போதாததற்குத் தலை என்பது சுவர் மாதிரி தட்டையாக இல்லை. நெற்றி, கன்ன எலும்பு, தாடை எல்லாமே உருண்டை. இரண்டு விரல் தள்ளிப் பட்டாலே செங்குத்துக் கோடு திரும்பிவிடும். குத்துச்சண்டையில் சுற்றுக்கு முன் புருவத்திலும் கன்னத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது எதற்கு? சாய்ந்து விழும் குத்து தோலைப் பற்றிக் கிழிக்காமல் வழுக்கிப் போகட்டும் என்றுதான்.

இவ்வளவும் சேர்ந்து ஒரே விஷயம்: படும் கோணம் மனப்பாட எண் அல்ல. படுகிற இடத்தின் பரப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அதற்கு எதிராக, முன்பின் 15 டிகிரிக்குள் போய்ப் பட வேண்டும்.

பேக் சுழன்றால் என்ன அர்த்தம்

படும் கோணத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். தொங்கும் பேகே கருவி.

பேக் ஓர் உருளை. அதன் பரப்பில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் செங்குத்துக் கோடு உருளையின் நடு அச்சைப் போய்த் தொடும். ஆகவே உங்கள் குத்து நடு அச்சை நோக்கிப் போனால் பேக் குழிந்து நேர் பின்னால் துள்ளும். அச்சை விட்டு விலகிப் போனால் பேக் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சுழற்சி என்பது இலக்குக்குள் போகாமல் வீணான விசை, கண்ணுக்கு முன்னால்.

எவ்வளவு விலகினால் எவ்வளவு சாய்வு? 35 செ.மீ. விட்டமுள்ள பேகில், நடுக்கோட்டிலிருந்து 9 செ.மீ. தள்ளி நேர்க்குத்து விட்டால் படும் கோணம் சுமார் 30 டிகிரி விலகிவிடும். 12 செ.மீ. தள்ளினால் சுமார் 43 டிகிரி. கையுறையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதாவது ஒரு கையுறை அகலம் தவறினால் நூறில் 27 போய்விட்டது.

சோதனை எளிது. பேகில் மேலிருந்து கீழாக ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்கு நேர் எதிரே நின்று பாதி பலத்தில் பத்து ஜாப், பத்து கிராஸ் விடுங்கள். ஜாப் என்பது முன்னே நிற்கும் கையின் நேர்க்குத்து, கிராஸ் என்பது பின்னே நிற்கும் கையின் நேர்க்குத்து. கூட இருப்பவர் உங்கள் கையைப் பார்க்கக் கூடாது. டேப்பை மட்டும் பார்த்து, அது எந்தப் பக்கம் திரும்பியது என்று எண்ண வேண்டும். ஒரே சுழல் கொக்கியில் தொங்கும் பேக் சிறு தவறுக்கும் திரும்பும். நான்கு சங்கிலியில் கட்டிய பேக் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது.

வலது கிராஸுக்கு டேப் எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் குறி தவறவில்லை, பழக்கம் தவறியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் முழங்கை. குத்து கிளம்பும்போதே முழங்கை சிறகு போல் வெளியே விரிந்தால், முஷ்டி நேராகப் போகாமல் வெளியிலிருந்து வளைந்து வந்து பேகின் மேல் உரசும். முழங்கை தரையைப் பார்த்தபடியே புறப்பட்டு, பாதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் திரும்ப வேண்டும். சுவரை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் பக்கவாட்டில் நின்று சுவர்ப்பக்கக் கையால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். முழங்கை சுவரில் இடித்தால் அது சிறகு விரிக்கிறது.

டேப் ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பினால் பிரச்சினை கையில் இல்லை. கால்கள் ஒரே கோட்டில் நின்று உடம்பு தள்ளாடுகிறது. கால்களைத் தோள் அகலத்துக்குப் பிரித்து வையுங்கள்.

இதே இடத்தில் மணிக்கட்டையும் பார்த்துவிடலாம். புறங்கையும் முன்கையும் ஒரே பலகை போல் இருக்க வேண்டும். படுகிற இடம் ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் கணுக்கள். இவற்றின் பின்னால் இருக்கும் எலும்புகள் முன்கையின் தடித்த எலும்போடு நேர் வரிசையில் நிற்கின்றன. சுண்டு விரல் பக்கம் அந்த வரிசை கிடையாது. சுற்றி வீசி, தலை போன்ற கெட்டியான இடத்தில் சுண்டு விரல் கணு பட்டால் அதன் பின்னாலுள்ள உள்ளங்கை எலும்பு கழுத்துப் பகுதியில் முறிகிறது. அந்த முறிவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘பாக்ஸர் முறிவு’. பெயர்ப் பொருத்தம் கேலிதான், ஏனெனில் அது பெரும்பாலும் குத்தத் தெரியாமல் குத்தியவருக்கே வருகிறது.

16 அவுன்ஸ், அதாவது சுமார் 450 கிராம் கையுறை இந்தத் தவறுகளை மெத்தையால் மூடிவிடும். கையில் வலி வராததால் கோணம் சரி என்று நம்பிவிடுகிறோம். வாரத்தில் ஒரு நாள் கையில் துணிப் பட்டி சுற்றி, மெல்லிய பேக் கையுறையோடு, மூன்றில் ஒரு பங்கு பலத்தில் மட்டும் குத்திப் பாருங்கள். வேகம் கூட்ட வேண்டாம், கை என்ன சொல்கிறது என்று கேட்டால் போதும்.

எந்த வழி திறந்திருக்கிறது

வீட்டுக்குள் போக வாசல், ஜன்னல், கொல்லை என்று மூன்று வழி இருந்தால், எது அழகான வழி என்று யாரும் யோசிப்பதில்லை. எது திறந்திருக்கிறதோ அதில்தான் போகிறோம். பாயும் கோணமும் அப்படியே.

எதிராளி தன் முகத்தையும் உடம்பையும் மறைக்கக் கைகளை வைத்திருக்கும் நிலைக்குக் கார்டு என்று பெயர். இரண்டு கையால் எல்லாவற்றையும் மறைக்க முடியாது. கையுறைகளைக் கன்னங்களோடு ஒட்டி வைத்தால் காதோரம் பத்திரம், நடுவில் சந்து. நடுவை அடைத்தால் பக்கங்கள் திறக்கும். இரண்டையும் மேலே தூக்கினால் விலா வெளியே வரும். நேர்க்குத்து நடுச் சந்தில் போவதற்கு. ஹூக், அதாவது முழங்கையை மடக்கியபடி பக்கவாட்டில் சுற்றி வரும் குத்து, கார்டைச் சுற்றிப் போவதற்கு. அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே ஏறும் குத்து, கார்டின் அடியில் நுழைவதற்கு.

இதில் ஹூக்கைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதிகம் கெட்டுப்போவது அதுதான்.

நேர்க்குத்தின் திசை கடைசி வரை மாறாது. ஹூக் வட்டத்தில் வருகிறது, ஆகவே அதன் திசை ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. கயிற்றில் கல் கட்டிச் சுழற்றும்போது கயிறு எந்தக் கணத்தில் அறுகிறதோ, அந்தக் கணத்தின் திசையில்தான் கல் பறக்கும். ஹூக்கிலும் எந்தக் கணத்தில் தொட்டதோ அந்தக் கணத்தின் திசைதான் கணக்கு. முன்கை எதிராளியின் முகத்துக்குக் குறுக்கே, தரைக்கு மட்டமாகக் கிடக்கும் கணத்தில் முஷ்டி தாடையின் பக்கப் பரப்பை நேராகச் சந்திக்கிறது. அதற்கு முன்பே தொட்டால், அதாவது இலக்கு தூரத்தில் இருந்தால், கையுறையின் உள்பக்கம் அறைவது போல் விழும். குத்துச்சண்டை விதியில் அது தவறான அடி. நேரம் கழித்துத் தொட்டால், அதாவது இலக்கு மிகவும் நெருங்கியிருந்தால், முஷ்டி தலைக்குப் பின்னால் போய்விடும், மணிக்கட்டோ முன்கையோதான் இடிக்கும். ஹூக் ‘பலமில்லை’ என்று குறைப்படுகிறவர்களில் பலருக்குத் தேவை தோள் பயிற்சி அல்ல, அரை அடி முன்னே போவதோ பின்னே போவதோதான்.

முழங்கை மடிப்பு சுமார் 90 டிகிரி. முஷ்டியும் முழங்கையும் ஒரே உயரம். நெருக்கத்தில் கட்டை விரல் மேலே பார்க்கலாம், தூரம் கூடினால் உள்ளங்கை கீழே பார்க்கட்டும். முழங்கை தாழ்ந்தால் அடி மேல்நோக்கிச் சறுக்கும். வீச்சு உங்கள் மூக்குக்கு நேரே நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் முதுகைக் காட்டியபடி நிற்பீர்கள்.

அப்பர்கட்டுக்கு ஒரே எச்சரிக்கை. முழங்கை விலாவிலிருந்து ஒரு சாணுக்கு மேல் முன்னே போனால் அது குத்து அல்ல, அகப்பையால் மொள்வது.

கதவை எங்கே தள்ளுகிறோம்

கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துக் கதவைத் தள்ளிப் பாருங்கள், முனக வேண்டியிருக்கும். கைப்பிடி ஓரத்தில் ஒரு விரல் போதும். சுழலும் அச்சிலிருந்து தள்ளித் தள்ளினால் குறைந்த விசையிலேயே அதிகம் சுழலும்.

தலை கழுத்தின் மேல் சுழல்கிறது. தாடை நுனி அந்தச் சுழற்சியின் கைப்பிடி. நெற்றியில் நேராக விழும் அடி தலையைப் பின்னால் தள்ளுகிறது, கழுத்துத் தசைகள் அதை ஓரளவு தாங்குகின்றன. தாடையின் பக்கத்தில் விழும் அடி தலையைச் சட்டென்று திருப்பிவிடுகிறது. மண்டையோடு திரும்பிய வேகத்துக்கு உள்ளே இருக்கும் மூளை ஈடுகொடுக்காமல் பின்தங்குகிறது. மெதுவாகத் தெரிந்த ஹூக் ஆளைச் சாய்ப்பதும், பலமாகத் தெரிந்த நேர்க்குத்தை அவர் தாங்கிக்கொள்வதும் இதனால்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தலைக்கவசம் கீறலையும் வீக்கத்தையும் குறைக்கும். இந்தச் சுழற்சியை அது நம்பகமாகத் தடுப்பதில்லை. ஒலிம்பிக் ஆண்கள் குத்துச்சண்டையில் 1984 முதல் 2012 வரை தலைக்கவசம் இருந்தது, 2016 ரியோ போட்டியில் எடுத்துவிட்டார்கள். ‘கவசம் போட்டிருக்கிறார்’ என்ற தைரியத்தில் சக மாணவரின் தாடையில் ஹூக் பழகக் கூடாது. அதற்குப் பேட், அதாவது பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தை இருக்கிறது. தலைக்கு வரும் ஸ்பாரிங் அடி தொட்டுவிட்டுத் திரும்புவதாக இருக்கட்டும்.

உதையில் இது இன்னும் கறார்

கைக்குச் சொன்ன எல்லாம் காலுக்கும் பொருந்தும். காலின் எடை அதிகம், அதனால் தவறுக்குக் கிடைக்கும் தண்டனையும் அதிகம்.

முன்னுதையை எடுத்துக்கொள்வோம். முழங்காலைத் தூக்கிப் பாதத்தை எதிராளியின் வயிற்றில் நேராகச் செலுத்துவது. புதியவரின் உதை வயிற்றில் பட்டு மேல்நோக்கி வழுக்கி மார்பு வரை உரசிக்கொண்டு போகும். காரணம் பாதத்தில் இல்லை. முழங்கால் போதிய உயரம் ஏறுவதற்குள் காலை நீட்டிவிட்டார். முழங்கால் இலக்கின் உயரத்துக்கு வந்த பிறகு நீட்டினால் பாதம் தரைக்கு மட்டமாகப் போய்ச் செங்குத்தாகப் படும். முழங்கால் ஒரு சாண் தாழ்ந்திருந்தால் அந்த ஒரு சாணை ஏறிக்கொண்டே போக வேண்டும்.

அடுத்து ரவுண்ட்ஹவுஸ், இடுப்பைத் திருப்பிக் காலைப் பக்கவாட்டில் வீசும் உதை. இதன் கோணத்தைத் தீர்மானிப்பது உதைக்கிற கால் அல்ல, தரையில் நிற்கிற கால். நிற்கும் பாதம், விரல்களுக்குப் பின்னாலுள்ள மேட்டுப் பகுதியில் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்கும் அளவுக்குத் திரும்ப வேண்டும். குறைந்தது 90 டிகிரி. அப்போதுதான் இடுப்பு கவிழும், கணைக்கால் மட்டமாக வந்து விலாவின் பக்கப் பரப்பைச் செங்குத்தாகச் சந்திக்கும். பாதம் திரும்பாவிட்டால் இடுப்பு பாதியில் நின்றுவிடும். கால் கீழிருந்து சாய்வாக ஏறி, விலாவை மறைத்துத் தொங்கும் எதிராளியின் முழங்கை முனையில் போய் இடிக்கும். புறங்காலில் இருக்கும் எலும்புகள் மெல்லியவை, அந்த இடி தாங்காது. திரும்பாத பாதத்தின் மேல் உடம்பு மட்டும் திரும்புவதால் நிற்கிற முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். ஒரே தவறு, இரண்டு காலுக்கும் சேதம்.

லோ கிக், தொடையின் வெளிப்பக்கத்தில் முழங்காலுக்கு ஒரு கையளவு மேலே விழும் உதை. அந்தக் காலில் எதிராளியின் எடை இருக்கும்போது நன்றாக இறங்கும். அவர் தப்பிக்கும் முறையும் கோணத்தை மாற்றுவதுதான். முழங்காலைச் சற்று உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பினால் மெத்தென்ற தொடைக்குப் பதிலாக, கணைக்கால் எலும்பின் தடித்த மேல்பகுதி உதையின் எதிரே வந்து நிற்கும். இதற்குச் செக் என்று பெயர். அதன் விளைவை உலகமே பார்த்தது 2013 டிசம்பர் 28-ல். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியான யூ.எஃப்.சி. 168-ல் ஆண்டர்சன் சில்வா விட்ட லோ கிக்கை கிறிஸ் வைட்மன் செக் செய்தார், உதைத்த சில்வாவின் இடது கணைக்கால் முறிந்தது. 2021 ஏப்ரல் 24-ல் யூரையா ஹாலுக்கு எதிராக லோ கிக் விட்டபோது அதே வைட்மனின் வலது கால் அதே மாதிரி முறிந்தது. நேராகப் படுவதால் முழு விசையும் போகும் என்ற கணக்கு, எலும்புக்கு எதிரே எலும்பு வரும்போது உதைத்தவர் மேலேயே திரும்புகிறது. லோ கிக்குக்கு முன்னால் ஒரு குத்து விட்டு எதிராளியின் எடையை முன்காலில் இறக்கச் சொல்வது இதற்காகத்தான். எடை ஏறிய காலைத் தூக்கிச் செக் செய்ய முடியாது.

இதுவரை பார்த்ததை ஒட்டிப் பார்த்தால், திறந்த வழியைப் பார்த்துப் பாயும் கோணம், அந்த வழியின் முடிவில் இருக்கும் பரப்பைப் பார்த்துப் படும் கோணம். பரப்பு திரும்பிவிட்டால், முன்பு சரியாக இருந்த அதே அடி இப்போது தவறு.

கம்பும் எண்களும்

பிலிப்பைன்ஸின் எஸ்க்ரிமா போன்ற கம்புக் கலைகளில் அடிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், பல பள்ளிகளில் பன்னிரண்டு வரை. எந்த எண் எந்த அடி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் உள்ளே இருப்பது சில கோடுகள்தான்: மேலிருந்து சாய்வாக இரண்டு, கீழிருந்து சாய்வாக இரண்டு, மட்டமாக இரண்டு, உச்சியிலிருந்து நேர் கீழே ஒன்று, மீதி குத்துகள். எண் என்பது வேகமாகச் சொல்லிக்கொடுக்க வசதி. ‘ஒன்றாம் ஆங்கிள் சிறந்ததா, ஐந்தாம் ஆங்கிளா’ என்ற விவாதம், பஸ் நம்பரில் எது சிறந்தது என்று கேட்பது போல.

மேலிருந்து சாய்வாக இறங்கும் வெட்டை முதலில் கற்றுத் தருவதற்கு மட்டும் நல்ல காரணம் உண்டு. தோளின் இறக்கமும் இடுப்பின் திருப்பமும் ஒரே திசையில் சேர்கின்றன. குறி தவறினாலும் அடி வீணாகாது, தலை தப்பினால் கழுத்தோரம், அது தப்பினால் தோள், அதுவும் தப்பினால் கை. உச்சியிலிருந்து நேராக இறங்கும் அடியில் எதிராளி ஒரு பாதம் நகர்ந்தால் மிஞ்சுவது காற்று.

நிற்கும் கோணம்: முக்காலியின் மூன்றாவது கால்

முக்காலி சாயாமல் நிற்பது மூன்று கால் இருப்பதால். மனிதனுக்கு இரண்டுதான். இரண்டு பாதங்களையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நீளவாக்கில் தள்ளினால் ஆள் அசைய மாட்டார். கோட்டுக்குக் குறுக்கே, முக்காலியின் மூன்றாவது கால் இருந்திருக்க வேண்டிய திசையில் தள்ளினால் ஓரடி எடுத்து வைத்தே ஆக வேண்டும். சக மாணவரை நிற்க வைத்து இரண்டு விரலால் நெஞ்செலும்பைத் தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். எதிரே நேராக நின்று அடிக்கும்போது பெரும்பாலும் அவர் பலமாக நிற்கும் திசையில்தான் அடிக்கிறோம். சற்றுப் பக்கம் போனால் அதே அடி அவரை நகர்த்துகிறது. கூடவே, அவருடைய தூரத்துக் கை உங்களை எட்டத் தன் உடம்பையே குறுக்கே கடந்து வர வேண்டும்.

இது தெரிந்தவுடன் எல்லோரும் செய்யும் தவறு, பெரிய வட்டமாகச் சுற்றுவது. வட்டத்தின் கணக்கு சுற்றுகிறவருக்கு எதிரானது. 1.2 மீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு 45 டிகிரி சுற்ற நீங்கள் 94 செ.மீ. நடக்க வேண்டும். நடுவில் நிற்கும் எதிராளி குதிகாலைத் திருப்பினால் போதும், மறுபடி நேருக்கு நேர். தூரம் 80 செ.மீ. ஆக இருந்து 30 டிகிரி மட்டும் எடுத்தால் நடை 42 செ.மீ., ஒரே ஒரு சிறிய எட்டு. ஆகவே கோணம் எடுப்பது கிட்டத்தில் நடக்கிற வேலை. அதுவும் எதிராளி திரும்ப முடியாத நேரத்தில்: உங்கள் குத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது, அல்லது எடையை முன்காலில் இறக்கி அடியெடுத்து வரும்போது.

இருவருக்கும் இடது கால் முன்னே என்று வைத்துக்கொண்டு ஓர் எட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஜாப் விடுங்கள், அது திரை. கை திரும்பும்போதே வலது கால் வலப்பக்கமாக, சற்று முன்னே, 40 செ.மீ. அளவுக்குப் போகட்டும். இடது கால் அதே அளவு பின்தொடர்ந்து, கட்டை விரல் எதிராளியின் நடு உடம்பைப் பார்க்குமாறு திரும்பி ஊன்றட்டும். ஊன்றிய பிறகு கிராஸ். இப்போது அவருடைய வலது கைக்கு நீங்கள் எட்டாத தூரம். அவருடைய இடது ஹூக்தான் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே நகரும் நேரம் முழுவதும் உங்கள் வலது கை கன்னத்தை விட்டு அகலக் கூடாது.

எதிரெதிர்க் கால் முன்னே இருந்தால், அதாவது உங்களுக்கு இடது, அவருக்கு வலது என்றால், வேலை இன்னும் சுருக்கம். உங்கள் முன்காலை அவருடைய முன்காலுக்கு வெளிப்பக்கம் வையுங்கள், உங்கள் பின் கைக்கு நடுவழி திறக்கும். 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற உக்ரைன் வீரர் வாசில் லொமசெங்கோவின் சண்டைகளைப் பார்க்கும்போது கையைப் பார்க்காமல், முன்னே நிற்கும் அவருடைய வலது பாதத்தை மட்டும் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும்.

மூன்றையும் சேர்த்துப் பழக ஒரு சாக்பீஸ் வட்டம்

தொங்கும் பேகுக்கு நேர் கீழே தரையில் நடுப்புள்ளி குறித்து, 80 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கடிகாரம் போல் பன்னிரண்டு புள்ளி வையுங்கள். ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குச் சரியாக 30 டிகிரி, நடை 42 செ.மீ. மேலே சொன்ன அதே எட்டு. முன் பாதத்தின் நுனி வட்டக் கோட்டின் மேல் இருக்கட்டும்.

ஆறு மணியில் நின்று ஜாப். ஐந்து மணிக்கு ஓர் எட்டு. அங்கிருந்து கிராஸ். பேக் சுழலாமல் நேர் பின்னால் துள்ளினால், நின்றதும் பாய்ந்ததும் பட்டதும் மூன்றும் சரி. ஆறுக்குத் திரும்பி மறுபடி. பத்து முறை, பிறகு ஏழு மணிப் பக்கம் பத்து முறை. அந்தப் பக்கம் போகும்போது இடது கால்தான் முதலில் நகர வேண்டும். போகிற திசைக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கால் முதலில் என்பது பொது விதி, இல்லையென்றால் கால்கள் பின்னிக்கொள்ளும்.

பேக் சுழன்றால் உடனே கையைத் திருத்தப் போகாதீர்கள், குனிந்து காலைப் பாருங்கள். அநேகமாகத் தலையும் தோளும் பேகை நோக்கித் திரும்பியிருக்கும், பாதங்கள் மட்டும் ஆறு மணியில் நின்றபோது பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். அல்லது பின்கால் தரையில் ஊன்றும் முன்பே கை கிளம்பியிருக்கும். அப்படிப்பட்ட குத்தில் இடுப்பு சேராது. சத்தத்திலேயே தெரியும், ஊன்றிய குத்து ‘தொப்’ என்றும் ஊன்றாத குத்து ‘பட்’ என்றும் கேட்கும்.

ஐந்தாறு முறைக்குப் பிறகு நின்று முன் பாதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் தெரியாமலேயே கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு சாண் வந்திருப்பார்கள். அந்தத் தூரத்தில் கிராஸ் முழுதாக நீளாது, முழங்கை தானாகவே வெளியே விரியும், டேப் மறுபடி திரும்பத் தொடங்கும். கோட்டுக்குப் பின்வாங்கி, அந்தப் பத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.